நெட்டிஷால் ஹீத்: பெடர்ஸ் வே நடக்கறதுக்கு முந்தின சாயங்காலமே போய்டுங்க

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இதுதான். ஜூன் மாசம் நீங்களும் உங்க வீட்டுக்காரரும் நாயக் கூட்டிட்டு இங்கிலாந்துல பெடர்ஸ் வேங்கற நெடுந்தூர நடபாதைய முழுசா நடக்கப் போறீங்க, அது ஆரம்பிக்கற நெட்டிஷால் ஹீத் போட்டோல பாத்தா வெறும் புதரும் காஞ்ச புல்லுமா இருக்கு, அங்க நேரம் செலவு பண்ணணுமா இல்ல கார்ல எறங்கின உடனே நடக்க ஆரம்பிச்சுடலாமான்னு கேட்டிருக்கீங்க. கூடவே இன்னொண்ணும் கேட்டிருக்கீங்க, இயற்கைக் காப்பகம்னு சொல்லிட்டு எதுக்கு மரத்த எல்லாம் வெட்டிப் போட்டிருக்காங்கன்னு. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதாங்க, அதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நானும் மொத தடவ உங்கள மாதிரிதான் போனேன், பாதை ஆரம்பிக்கற பலகைகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வடக்க பாத்து நடந்துட்டேன். அதுக்கப்புறம் அந்த ஹீத்துக்காக மட்டுமே பல தடவ போயிருக்கேன், இப்ப யாராவது கேட்டா நான் சொல்றது இதான்: முந்தின நாள் மத்தியானமே போய்டுங்க, சாயங்காலம் இருட்டற வரைக்கும் ஹீத்ல சுத்துங்க, மறுநாள் காலைல பாதைய ஆரம்பிங்க. அந்த ஒரு சாயங்காலம் இருந்தா அப்புறம் மூணு நாலு நாள் நடக்கற மண்ணு என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சுடும்.

மொதல்ல எடம். சஃபோக் மாவட்டத்தோட வடக்கு எல்லைல, லிட்டில் ஊஸ் ஆத்தங்கரைல இருக்கு, ஆத்தத் தாண்டினா நார்ஃபோக். கிட்டத்தட்ட 430 ஏக்கர். முன்னாடி பொதுப் பூங்கா மாதிரி இருந்தது, 2012ல சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் வாங்கி இப்ப பாத்துக்கறாங்க. இத சுத்தி இருக்கற வறண்ட மணல் பூமி மொத்தத்துக்கும் பிரெக்ஸ்னு பேரு. இங்கிலாந்துன்னா எப்பவும் மழைன்னு நம்ம நெனப்போம், ஆனா இந்தப் பக்கம் நாட்டுலயே ரொம்ப வறண்ட பகுதிகள்ல ஒண்ணு, வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர்கூட சில வருஷம் பெய்யாது, வெயில் காலத்துல மணல் கொதிக்கும், ஜூன் ராத்திரிலகூட சில சமயம் உறைபனி விழும். அதனால பகல்ல டீஷர்ட்டோட திரிஞ்சாலும் சாயங்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் பையில இருக்கட்டும்.

ஹீத்னா என்னன்னு தமிழ்ல ஒரே வார்த்தைல சொல்ல எனக்குத் தெரியல. காடு இல்ல, வயல் இல்ல, வெறும் புல்வெளியும் இல்ல. சத்து இல்லாத மணல் நெலம், அதுல முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடி, அங்கங்க முள்ளு முள்ளா கார்ஸ் புதர், நடுவுல புல்லுத் திட்டு, ஓரத்துல பிர்ச் மரமும் பைனும். ஊர்ல மேய்ச்சல் புறம்போக்குன்னு சொல்வோமே, நெலத்தோட பொழப்பு கிட்டத்தட்ட அதான், ஆடு மாடு மேஞ்சு மேஞ்சுதான் அது அப்படி இருக்கு. கார்ஸ் பூ மஞ்சளாப் பூக்கும், வெயில் நல்லா அடிக்கறப்ப பக்கத்துல போய் மோந்து பாருங்க, அசல் தேங்கா வாசன வரும். நான் சொல்லி யாரும் நம்பினதில்ல, போய் மோந்துட்டு வந்து எல்லாரும் அதயேதான் சொல்வாங்க. வசந்த காலத்துலதான் அதிகமாப் பூக்கும், ஜூன்ல மிச்சம் மீதி இருக்கும்.

இப்ப மரம் வெட்டற விஷயம். இங்க கற்காலத்துலயே காட்ட வெட்டி ஆடு மேய்ச்சிருக்காங்க, அன்னிலேர்ந்து இந்த நெலம் மனுஷனும் மிருகமும் சேந்து மரம் வர விடாம வெச்சிருக்கற நெலம். பிரெக்ங்கற பேரே ஒடச்சு உழுத நெலம்ங்கற அர்த்தத்துலதான் வந்தது, சில வருஷம் உழுவாங்க, சத்து போனதும் அப்படியே விட்டுட்டு வேற துண்டுக்குப் போய்டுவாங்க, விட்ட துண்டுல மறுபடி ஹெதரும் புல்லும் ஏறும், ஆடு மேயும். பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தப் புடிச்ச பிறகு முயலக் கொண்டு வந்து இந்த மணல்ல பண்ண மாதிரி வளத்தாங்க, கறிக்கும் தோலுக்கும். தெட்ஃபர்ட் பக்கத்துல முயல் காவக்காரன் தங்கறதுக்குக் கட்டின கல் வீடு ஒண்ணு இன்னும் நிக்குது, 1400 வாக்குல கட்டினது, திருடன்கிட்டேர்ந்து தப்பிக்க கோட்ட மாதிரி தடிமனான சுவரோட. முயலுக்கு அவ்ளோ மதிப்பு இருந்த காலம்.

இந்த மேய்ச்சல் அளவு மீறிப் போனதும் உண்டு, அதயும் சொல்லணும். 1668ல லேக்கன்ஹீத் பக்கத்து மணல் காத்துல கெளம்பி மைல் கணக்குல நகந்து சான்டன் டவுன்ஹம் கிராமத்து வீடுகள மூடிடுச்சு, இதே லிட்டில் ஊஸ் ஆத்துல படகு போற வழியையும் அடச்சுடுச்சு. நீங்க ஷூவுல தட்டிவிடப் போற மணல்தான் அது.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டுல தலைகீழா ஆச்சு. மொத உலகப் போர்ல மரம் பத்தாமப் போனதால 1922லேர்ந்து அரசாங்கம் இங்க பைன் நட ஆரம்பிச்சது, அதான் இன்னிக்குத் தெட்ஃபர்ட் ஃபாரஸ்ட், பழைய ஹீத் நெறய அதுக்குள்ள போச்சு. மிச்சம் இருந்ததுல பெரும்பகுதிய உரம் போட்டு வயலாக்கிட்டாங்க. 1953ல மிக்ஸோமட்டோசிஸ்னு முயல் நோய் பிரிட்டனுக்குள்ள வந்து கொஞ்ச வருஷத்துல கிட்டத்தட்ட எல்லா முயலையும் கொன்னுடுச்சு. ஆடும் இல்ல முயலும் இல்லன்னா என்னாகும், பிர்ச்சும் பைனும் பிராக்கன்னு சொல்ற பெரணியும் ஏறிடும், பத்து இருவது வருஷத்துல ஹெதர் நெழல்ல செத்துப் போய்டும். ஒரு மரம் தானா மொளச்சா நல்லதுதானேன்னு தோணும், எனக்கும் தோணிச்சு, ஆனா மரம் வளர எடம் இந்த நாட்டுல ஏராளம், இந்த மாதிரி மணல் ஹீத் கொஞ்சமே கொஞ்சம்தான் பாக்கி. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்துக்காரங்க 2010ல பிரெக்ஸ் பகுதிய முழுசாக் கணக்கெடுத்தாங்க, 12,500க்கும் மேல உயிரினங்கள் பதிவாயிருந்தது, அதுல அரிதானது பலதுக்கும் தேவ வெறும் மண்ணு, கெளறின மண்ணு, குட்டையா மேஞ்ச புல்லு. அதனாலதான் அங்க மரத்த வெட்டறாங்க, சில எடத்துல மேல்மண்ணையே சொரண்டி எடுக்கறாங்க. பாக்கறதுக்கு ஏதோ கட்டட வேல நடந்த எடம் மாதிரி இருக்கும், நிதானமா பக்கத்துல போய்ப் பாருங்க, அந்தச் சொரண்டின மணல்ல குட்டிக் குட்டி ஓட்டையா இருக்கும், மண்ணுக்குள்ள கூடு வெக்கற வண்டும் குளவியும் தோண்டினது.

மேய்க்கறதுக்கு இப்ப எக்ஸ்மூர் போனி வெச்சிருக்காங்க. குட்டையான பழுப்புக் குதிரைங்க, மூஞ்சி நுனில மாவு தடவின மாதிரி வெளுப்பா இருக்கும், கண்ணு சுத்தியும் அப்படியே. ரொம்பப் பழைய இனம், லாயம் வேணாம், குளிர்காலம் முழுக்க வெளிலயே நிக்கும், மத்த குதிர தொடாத முரட்டுப் புல்லையும் கார்ஸ் முள்ளையும்கூட மென்னு தள்ளிடும். மெஷின் வெச்சு புல்லு வெட்டினா எல்லாம் ஒரே உயரமாப் போய்டும், போனி மேஞ்சா ஒரு எடம் மொட்ட, ஒரு எடம் கொத்து, ஒரு எடம் குளம்பு பட்டு மண்ணு தெரியும், அந்த ஏத்தத்தாழ்வுதான் பூச்சிக்கும் பல்லிக்கும் வேணும். தயவுசெஞ்சு கேரட் ஆப்பிள் எதுவும் குடுக்காதீங்க. சாப்பாடு குடுத்துப் பழக்கினா மனுஷங்க கைய நோக்கி வர ஆரம்பிக்கும், கடிக்கும், அப்புறம் அத அங்கேர்ந்து மாத்த வேண்டியதாய்டும்.

இனி நான் உங்கள அங்க நிக்கச் சொல்றதுக்கு முக்கியமான காரணம். ஹீத்ல ஒரு சரிவுல ஹெதரும் புல்லும் கோடு கோடா மாறி மாறி வரும், ஒரு பட்ட கருப்பு கலந்த ஊதா, பக்கத்துப் பட்ட வெளிர்ப் பச்ச, மறுபடி ஊதா, யாரோ கயிறு புடிச்சு நட்ட மாதிரி. யாரும் நடல. கடைசிப் பனியுகத்துல பனிப்பாறை இந்த எடம் வரைக்கும் வரல, ஆனா மண்ணு ஆழம் வரைக்கும் உறைஞ்சு கெடந்தது. அடில சுண்ணாம்புப் பாறை, மேல காத்து கொண்டு வந்து போட்ட மணல். வருஷா வருஷம் மேல்பகுதி உருகறது மறுபடி உறையறதுன்னு ஆயிரக்கணக்கான வருஷம் நடந்ததுல மண்ணு கலங்கி, சுண்ணாம்பு சில எடத்துல மேல தள்ளி வந்துடுச்சு, நடுவுல இருந்த பள்ளத்துல மணல் ரொம்பிடுச்சு. சமதளத்துல இது வல மாதிரி கட்டம் கட்டமா வரும், சரிவுல கோடா இழுத்துடும். மணல் ஆழமா இருக்கற பட்டைல மழத்தண்ணி சுண்ணாம்புச் சத்தக் கழுவிட்டுப் போய்டும், மண்ணு புளிப்பாய்டும், அங்க ஹெதர். சுண்ணாம்பு மேலாக்க இருக்கற பட்டைல புல்லு, காட்டுத் தைம், சின்னச் சின்னப் பூ. ரெண்டு காலையும் அகட்டி வெச்சு நின்னா ஒரு கால் ஒரு மண்ணுல இன்னொரு கால் வேற மண்ணுல இருக்கும். கேம்பிரிட்ஜ்ல இருந்த அலெக்ஸாண்டர் வாட்ங்கற தாவர ஆராய்ச்சியாளர் பல பத்து வருஷம் பிரெக்ஸ்லயே சுத்தி இந்த மாதிரி விஷயங்கள எழுதி வெச்சிருக்கார்.

இந்தக் கோடு நல்லாத் தெரியணும்னா ஆகஸ்ட்தான், ஹெதர் பூத்து ஊதாவா நிக்கறப்ப. ஜூன்ல பூ இருக்காது, ஆனா சாயங்கால வெயில் சாஞ்சு விழறப்ப நெறம் பிரிஞ்சு தெரியும். நடுப்பகல்ல பாத்துட்டு ஒண்ணும் தெரியலயேன்னு திரும்பிடாதீங்க.

அன்னிக்கு சாயங்காலத்துக்கு என் ப்ளான் இது. நாலு மணி வாக்குல முக்கிய கார் பார்க்லேர்ந்து கெளம்பி மொதல்ல ஆத்துப் பக்கம் எறங்குங்க. லிட்டில் ஊஸ் இங்க சின்ன ஆறுதான், ஆனா இதுக்கு ஒரு அழகான கத உண்டு, இதுவும் வேவ்னி ஆறும் ஒரே சதுப்பு நெலத்துலேர்ந்து பொறக்குது, ஒண்ணு மேற்க போகுது இன்னொண்ணு கெழக்க போகுது, ரெண்டும் சேந்து நார்ஃபோக்க ஏறக்கொறைய ஒரு தீவு மாதிரி ஆக்கிடுது. ஆத்தோரம் மட்டும் ஈரம், மத்த எடமெல்லாம் மணல்ங்கறதால மழ பேஞ்ச மறுநாளே காஞ்சு நடக்க நல்லா இருக்கும். அப்புறம் மேட்டுக்கு ஏறி திறந்த ஹீத், கோடுகள், போனிங்க. வானம்பாடி மேல நின்னு பாடிட்டே இருக்கும், குயில் கூவும், நம்ம ஊர்க் குயில் இல்ல, நெஜமாவே குக்கூன்னு ரெண்டு சுரத்துல கூவற ஐரோப்பியக் குயில்.

ஜூன்ல சூரியன் மறைய ஒம்போதே கால் ஆய்டும், அது வரைக்கும் பொறுமையா இருங்க. மறைஞ்சு ஒரு இருவது முப்பது நிமிஷம் கழிச்சு, மரக்கூட்டம் ஹீத்த தொடற ஓரத்துல பேசாம நின்னா, தூரத்துல யாரோ தையல் மிஷின விடாம ஓட்டற மாதிரி ஒரு சத்தம் கேக்கும், நிமிஷக் கணக்குல நிக்காம ஓடும், நடுவுல சுருதி மட்டும் லேசா மாறும். அதான் பக்கி, இங்கிலீஷ்ல நைட்ஜார்னு சொல்ற ராத்திரிப் பறவை. ஆப்பிரிக்காலேர்ந்து மே மாசம் வந்து இந்த மாதிரி மணல்ல தரையிலயே முட்ட வெக்குது, கூடுன்னு எதுவும் கட்டாது. பகல்ல ஒரு அடி தள்ளி ஒக்காந்திருந்தாலும் காஞ்ச கட்டன்னு நெனச்சுப் போய்டுவீங்க. மொதல்ல கேட்ட அன்னிக்கு நான் மணி பத்தே முக்கால் வரைக்கும் அங்கயே நின்னேன், கொசுக்கடிகூட தெரியல. எந்த ராத்திரியும் கட்டாயம் கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது, காத்து இல்லாத வெதுவெதுப்பான ராத்திரியா இருந்தா வாய்ப்பு அதிகம்.

இதனாலதான் நாய் விஷயத்துல நான் கண்டிப்பாப் பேசறேன், கோச்சுக்காதீங்க. இங்கிலாந்துல ஓப்பன் ஆக்சஸ், அதாவது யார் வேணாலும் நடக்கலாம்னு அறிவிச்ச நெலங்கள்ல மார்ச் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் நாய ரெண்டு மீட்டருக்கு மேல போகாத கயித்துல கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும்னு சட்டமே இருக்கு. என் நாய் சாது, யாரையும் கடிக்காதுன்னு எல்லாருமே சொல்வாங்க, நாய் கடிக்கவே வேணாம், மோந்துட்டுப் பக்கத்துல போனாலே தாய்ப்பறவை எந்திரிச்சுடும், முட்ட சில்லிட்டுப் போய்டும், இல்ல காக்கா பாத்துடும். பாதைல நடங்க, கயிறு கைல இருக்கட்டும். இன்னொரு காரணமும் இருக்கு, ஆடர்னு விரியன் சாதிப் பாம்பு, பிரிட்டன்ல இருக்கற ஒரே விஷப்பாம்பு, இந்த மாதிரி ஹீத்ல வெயில் காஞ்சிட்டு இருக்கும். மனுஷன் காலடி அதிர்வு கேட்டா ஒதுங்கிடும், மூக்க நீட்டற நாயத்தான் கொத்தும்.

அதவிட நெஜமான தொல்லை உண்ணி. பெரணிப் புதர்ல உரசிட்டுப் போனா ஒட்டிக்கும், லைம் நோய் அதுலேர்ந்துதான் வருது. முழுக் கால் பேன்ட் போட்டு சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, ராத்திரி குளிக்கறப்ப முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாத்துக்கோங்க, நாயோட காதுக்குள்ளயும். உண்ணி புடுங்கற கொக்கி மருந்துக் கடைல கெடைக்கும். கடிச்ச எடத்த சுத்தி செவப்பு வட்டம் பெருசாகிட்டே போனா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, தள்ளிப் போடாதீங்க.

போறதுக்கு வழி: தெட்ஃபர்ட் வரைக்கும் ட்ரெயின், அங்கேர்ந்து சுமார் 10 கிலோமீட்டர், டாக்ஸி முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க. ஹீத் பக்கத்துல கடையெல்லாம் இல்ல, தண்ணியும் சாப்பாடும் தெட்ஃபர்ட்லயே வாங்கிடுங்க. ட்ரெயினுக்கு நேரம் இருந்தா தெட்ஃபர்ட் ஆத்துத் தீவுல குதிர மேல ஒக்காந்திருக்கற துலீப் சிங் சிலையப் பாருங்க, 1999ல வெச்சது. பஞ்சாபோட கடைசி மகாராஜா, சின்னப் பையனா இருந்தப்பவே ராஜ்ஜியத்தப் புடுங்கிட்டு இங்க கொண்டு வந்துட்டாங்க, 1863ல பக்கத்துல எல்வெடன் எஸ்டேட்ட வாங்கி இந்த மணல் காட்டுலதான் வாழ்ந்தார், கல்லறையும் எல்வெடன் சர்ச்லதான் இருக்கு. எனக்கு அந்தக் கல்லறைகிட்ட நின்னப்ப மனசு ரொம்ப கனமாய்டுச்சு.

மறுநாள் காலைல பாத. பெடர்ஸ் வே ஆரம்பிக்கறது கார் பார்க்ல இல்ல, ஹீத்தோட மேற்கு ஓரத்துல ரோட்டோரமா, மேற்க கொஞ்ச தூரம் நடந்து போகணும், ஏகார்ன், அதாவது ஓக் மரத்துக் கொட்ட படம் போட்ட வழிகாட்டிப் பலகை இருக்கும், கடைசி வரைக்கும் அந்தக் கொட்டையப் பாத்துட்டே போனாப் போதும். இங்கேர்ந்து கடலோரத்துல ஹோம் கிராமம் வரைக்கும் 46 மைல், 74 கிலோமீட்டர். தெற்கேர்ந்து இக்னீல்ட் வே பாதை ஐவிங்ஹோ மலைலேர்ந்து சுமார் 110 மைல் நடந்து வந்து இதே ஹீத்லதான் முடியுது, அதனால உங்களுக்கு ஆரம்பமா இருக்கற எடத்துல இன்னொருத்தர் ஷூவக் கழட்டிட்டு ஒக்காந்திருப்பார், பேச்சுக் குடுத்துப் பாருங்க, நல்ல கத கெடைக்கும்.

ஒரு விஷயம் தெரிஞ்சு நடங்க, பாதைதான் இங்க ஆரம்பிக்குது, ரோடு இங்க ஆரம்பிக்கல. இது ரோமானியர் போட்ட ரோடு, தெற்க சஃபோக்குக்குள்ளேர்ந்தே வருது. கிபி 60, 61ல இந்தப் பக்கம் வாழ்ந்த ஐசீனி இன மக்களோட ராணி பூடிக்கா கிளர்ச்சி பண்ணி ரோமானிய ஊர்கள எரிச்சாளே, அத அடக்கின பிறகு அவங்க மண்ணுக்குள்ள படைய வேகமா அனுப்பறதுக்காகப் போட்டதா இருக்கும்னு வரலாற்றுக்காரங்க நெனக்கறாங்க. அதான் அந்த நேர்கோடு.

மொத நாள் லிட்டில் கிரெஸிங்ஹம் வரைக்கும்னு வெச்சுக்கிட்டா சுமார் 23 கிலோமீட்டர், நடக்க லேசான தரைதான். தங்கற எடம் வழில ரொம்பக் கொறச்சல், ஜூன்னா இப்பவே புக் பண்ணிடுங்க. பாதி வழிக்கு மேல இடது பக்கம் ராணுவப் பயிற்சி நெலம் வரும், 1942ல ஆறு கிராமத்து ஜனங்கள வெளியேத்திட்டு எடுத்த நெலம், அவங்க திரும்பி வரவே முடியல. வெடிச் சத்தம் கேக்கலாம், பயப்பட வேணாம், ஆனா பலகை இருக்கற பக்கம் ஒரு அடிகூட எறங்காதீங்க.

தொடக்கத்துல ரோட்ட விட்டு எறங்கின உடனே ஈரமான ஆல்டர் மரக்காடு, அதத் தாண்டி ஒரு சின்ன நடைப்பாலம், அந்தப் பக்கம் நார்ஃபோக். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல தெட் ஆறு வரும், மரப்பலக போட்ட நடபாத, மழைக்கு வழுக்கும். அதுக்கப்புறம் ஏ11 ஹைவேய நேருக்கு நேரா கடக்கணும், வண்டி ரொம்ப வேகமா வரும், நடுவுல நின்னு ரெண்டு பாகமா கடங்க, நாயக் கைல தூக்கிக்கோங்க.